கவாத்துக் கத்தியின் வளைவு

“வெட்டுனது நாந்தான்னு எழுதிக்கிடுங்கய்யா. அவள விட்டுருவாங்கல்லா?”

சின்னக்கானலிலிருந்து நாலு பஸ் மாறி வந்திருந்த அமிர்தநாதன், கொழிஞ்சாம்பாறை வக்கீல் சாம்பசிவனின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். குமாஸ்தா கந்தப்பன் ஆவலோடு பேனாவைத் திறந்தான்.

“கந்தப்பா, மூடி வை. பொய்யை எழுதினா மை காயறதுக்குள்ளே மாட்டிப்போம். நடந்ததைச் சொல்லுங்கோ.”

அமிர்தநாதன் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவன். செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் வேலை முடிந்ததும் கத்தியை மனைவி இன்பமேரியிடம் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போனான். அவள் பாறையடியில் விறகுக்கு மிலாறு, கவாத்தில் விழுந்த குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தடியோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சூசையப்பன். கொழுந்தெடுக்கும் பெண்களிடம் வம்பு செய்கிறான் என்று இன்பமேரி மேனேஜரிடம் சொன்னதால் கங்காணி வேலையை இழந்தவன். மற்றவன் அவனுடைய கூட்டாளி பெரியமுத்து. சற்று நேரத்தில் சூசையப்பன் தோளில் ரத்தம் வழிய ஓடி வந்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்தருகே விழுந்தான். இன்பமேரியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

“நாந்தான் அவன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். இடது தோளுக்குப் பின்னால ஆழமான வெட்டு. மேல ஏறி, முன்பக்கம் வர வர வெறும் கீறலு. பேசாமத் திரும்பிப் போறப்ப அவ பின்னால வந்து வெட்டுனாள்னு ரெண்டு பேரும் சொல்லுதானுவ.”

கந்தப்பனின் முகம் விழுந்துவிட்டது. “ஏனுங்க, காயம் பின்னால இருந்தா நம்ம கட்சி அவ்வளவுதானுங்களே?”

“அதுதான் கேள்வி. தடியை ஓங்கிண்டு வரான், உயிருக்குப் பயமாக்கும். அப்போ கையில இருக்கறதை வீசலாம், சட்டம் தடுக்காது. ஆனா அவன் முதுகைக் காட்டிண்டு போயாச்சுன்னா ஆபத்தும் போயாச்சு. அதுக்கப்புறம் வெட்டினா பழிவாங்கல்.” சாம்பசிவன் வளைந்த கைப்பிடி கொண்ட தன் குடையை நீட்டினார். “இதான் உங்க கத்தின்னு வெச்சுக்கோங்கோ. கவாத்து எப்படி வெட்டுவேள்?”

அமிர்தநாதன் குடையைத் தலைகீழாகப் பிடித்தான். இல்லாத கிளைக்கு அப்பால் வளைவை மாட்டி, தன் பக்கமாக விசுக்கென்று இழுத்தான். பத்து வருடப் பழக்கம் அந்த ஓர் இழுப்பில் தெரிந்தது.

“போறும். தோட்டத்துக்குப் போகணும். கந்தப்பா, பொள்ளாச்சி பஸ் எத்தனை மணிக்கு?”

மறுநாள் காலை தோட்டத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் கூடினார்கள். தோளில் கட்டுப் போட்ட சூசையப்பன் கட்டிலிலும், பெரியமுத்து தூணோரமும் இருந்தார்கள். இன்பமேரியைப் போலீஸ் அழைத்து வந்திருந்தது.

“காயம் பின்னாலயல்லே சாரே? இனி என்ன இருக்கு?” என்றார் எஸ்.ஐ.

சாம்பசிவன் வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் குடைப்பிடியின் நுனியில் தடவினார். “கந்தப்பா, எனக்கு முதுகைக் காட்டிண்டு நட.”

“புதுச் சட்டைங்க.”

“நட.”

பின்னாலிருந்து வீசி இழுத்தார். வளைவு கந்தப்பனின் வலத்தோளைத் தாண்டி மார்புப் பக்கம் விழுந்தது. கோடு அங்கே தடித்துத் தொடங்கி, முதுகில் மெலிந்து முடிந்தது.

“இப்போ என்னைப் பார்த்து, கையை ஓங்கிண்டு வா.”

இம்முறை குடைப்பிடி அவனுடைய இடத்தோளைத் தாண்டிப் பின்னால் மாட்டியது. கோடு பின்தோளில் தடித்தது. மேலேறி, காறையெலும்பருகே மெலிந்தது.

எஸ்.ஐ. எழுந்து வந்து சூசையப்பனின் தோளில் கட்டு இருந்த இடத்தையும் சுண்ணாம்புக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நேர்க்கத்தி எதிர்ல இருக்கற பக்கத்தை வெட்டும். இது கொக்கி. அந்தப் பக்கம் போய் மாட்டி, இந்தப் பக்கம் வரும். காயம் பின்னால இருக்கறதாலேதான் அவ முன்னால நின்னிருக்கான்னு தெரியறது.” சாம்பசிவன் திரும்பினார். “பெரியமுத்து, நீங்க எந்த வழியாப் போயிண்டிருந்தேள்?”

“லயத்துப் பாதையிலதான். பாதி தூரம் போயிட்டோம்.”

“எஸ்.ஐ. சார், ரத்தம் எங்கே ஆரம்பிக்கறது?”

எஸ்.ஐ. தம் குறிப்பைப் புரட்டினார். “பாறையடியில். கத்தியும் அவிடத்தான் கிடந்தது.” அவர் குரல் தாழ்ந்தது. “பாறைக்குப் பின்னால வழியில்லை.”

“வழியில்லாத இடத்துல இவா ரெண்டு பேரும் அவளை மறிச்சிருக்கா. ஒரே வீச்சு. அவன் திரும்பினதும் கத்தி கீழே. பின்னாலே துரத்தியிருந்தா கத்தி பாதையில கிடக்கணும்.”

பெரியமுத்து தூணை விட்டு நகரப் பார்த்தான். கான்ஸ்டபிள் அவன் தோளில் கை வைத்தார்.

“இந்தப் பொண்ணு முதல் நாளே இதைத்தான் சொல்லிச்சு,” என்றார் எஸ்.ஐ. “நான் காயத்தை மாத்திரம் நோக்கினேன். அவளை விடலாம்னு ரிப்போர்ட் எழுதறேன் சாரே. இப்பவே கூட்டிட்டுப் போகலாம்.”

படியில் இறங்கும்போது கந்தப்பனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “உங்கூட்டுக்காரர் பழியைத் தம்மேல எழுதிக்கச் சொன்னாருங்கம்மா. எங்க வக்கீலய்யாதான் விடலீங்க.”

இன்பமேரி நின்று கணவனைப் பார்த்தாள்.

“ஓடுறவன வெட்டிருப்பேன்னு நெனச்சீகளா?”

அமிர்தநாதன் ஒரு படி கீழே இறங்கி நின்றான்.

“நான் பொறுக்குன மிலாறு அங்கனயே கெடக்கு,” என்றாள் அவள். “நீங்க தூக்குங்க.”

அவன் பாறையை நோக்கி அவளுக்கு முன்னால் நடந்தான்.