பானையில் குறைந்த உறைமாவு

வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் ரொட்டிக்கடையில் ஒரு பன்கூட உப்பவில்லை. எல்லாம் அப்பளத்துக்கு அண்ணன் மாதிரி தட்டையாக இருந்தன.

அப்பா மூலையில் இருந்த பானையைத் திறந்தார். "உறைமாவு அடியில ஒட்டிட்டுக் கெடக்குது! அதான் பத்தல. மீதி எங்க?"

தயிருக்கு உறைமோர் போல ரொட்டிக்கு உறைமாவு. பழைய மாவைப் புளிக்க வைத்துப் புது மாவில் சேர்த்தால்தான் ரொட்டி உப்பும்.

ஓடிப்போய் என் நோட்டை எடுத்து வந்தேன். மாலை வகுப்பு ஆசிரியர் சொன்னதால் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன். அன்று காலை இப்படி எழுதியிருந்தேன்:

'5.40. மார்த்தா அக்கா தனியாக வந்தார். பானையை மூடிவிட்டுப் பையோடு போனார். (5.45 ஆகவும் இருக்கலாம்.)'

மார்த்தா அக்கா வெளிநாட்டுக்காரர். அயோத்தியாப்பட்டணத்தில் பள்ளிக்கூடம் கட்டித்தர வந்த தொண்டர்களில் ஒருவர். தினமும் மாலையில் டவுன் பஸ் பிடித்து சூரமங்கலம் வந்து, எங்கள் விறகு அடுப்பில் ரொட்டி சுடப் பழகினார்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"நான் அப்பவே நெனச்சேன்," என்றார் பழனியம்மாள் அத்தை. "மாவு பெசையறப்ப அவ கண்ணு பானை மேலயேதான் இருந்துச்சு."

"சாயங்காலம் வரட்டும்," என்றார் அப்பா. "இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

என்னால்தானே? ஒருவேளை நான் தப்பாகப் பார்த்திருந்தால்? சந்தேகம் தாங்காமல் முந்தின நாள் பக்கத்தைப் புரட்டினேன். 'மார்த்தா அக்கா பானையைக் காட்டி அத்தையிடம் ஏதோ கேட்டார்' என்றிருந்தது. பிறகு அத்தையிடம் ஓடினேன்.

"அத்தை, நேத்து மார்த்தா அக்கா உங்ககிட்ட உறைமாவு கேட்டாங்களா?"

"கேட்டா. வெளக்கு வெச்ச பொறவு உறை குடுக்கக் கூடாதில்ல? 'வெளக்கு வெச்சாச்சு, காலையில பாத்துக்கலாம்'னு சொன்னேன்."

"அதான் அவங்க காலையில வந்து எடுத்துக்கிட்டாங்க!"

"அட, குடுக்க மாட்டேன்னு மொகத்துக்கு நேரா சொல்ல முடியுமா அம்மிணி? அதுக்காகச் சொன்னது!"

"அது நமக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆனாலும் அத்தைக்குச் சந்தேகம் தீரவில்லை. "அத்தனை மாவு அவளுக்கு எதுக்காம்?"

சாயங்காலம் அத்தை விளக்கேற்றி முடித்த நேரம், மார்த்தா அக்கா வந்தார். பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். எல்லோரும் அந்தப் பையையே பார்த்தோம்.

அவர் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தார். நுரை பொங்க, மூடியை முட்டிக்கொண்டு நின்றது உறைமாவு.

"புது மாவு போட்டேன், தண்ணி ஊத்தினேன். வளந்துச்சு," என்றார் தடுமாறிய தமிழில். "எனக்குப் பாதி. உங்களுக்குப் பாதி."

அத்தை ஆவலோடு கையை நீட்டினார். மார்த்தா அக்காவோ விளக்கைப் பார்த்துவிட்டு ஜாடியைச் சட்டென்று பின்னால் மறைத்தார்.

"வெளக்கு வெச்சாச்சு. காலையில பாத்துக்கலாம்!"

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை விடவில்லை.

"குடுக்கத்தான் கூடாது சாமி. வாங்கிக்கலாம்! கொண்டா இங்க!"

வெள்ளிக்கிழமை எழுதியது: 'பன் நன்றாக உப்பியது. எனக்குச் சந்தேகமாக இருந்ததால் இன்னும் இரண்டு தின்று பார்த்தேன்.'