ஒரே ஈரம்

சூடான டீ மார்பில் கொட்டியதும் சகாயராஜ் துள்ளிவிட்டான்.

விருத்தாசலம் ஜங்ஷன் எதிரே, மழைக்கு ஒதுங்கிய டீக்கடை. பக்கத்தில் நின்றவள் கையில் கப்பின் கைப்பிடி மட்டும் இருந்தது... கப்பு தரையில்.

"ஐயோ, சாரிங்க. எந்தப் புண்ணியவான் செஞ்ச கப்போ..."

அவள் இமை நுனியில் ஒரு மழைத்துளி... அதிலிருந்து கண்ணைப் பிடுங்கி, விழுந்து கிடந்த கப்பைக் குனிந்து பார்த்தான். கப்பின் அடியில் இருந்த 'பால்சாமி' அவன் அப்பாவின் பெயர். அதைச் செய்த செராமிக் யூனிட் இப்போது அவனுடையது.

மறுநாள் அவளே யூனிட் வாசலில் வந்து நின்றாள். அனிஷா, சர்ச்சின் பங்குப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பின்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். கையில் அந்த உடைந்த கப்பு.

"அந்தப் புண்ணியவான் நீங்கதானா?"

"பசங்களக் கூட்டியாந்து எங்கப்பா பேரைக் கெடுக்கறீங்களா?"

"இல்லீங்க. கைப்பிடி ஏன் கழண்டுச்சின்னு அவங்களே கண்டுபுடிக்கணும். அதான் பாடம்."

"நீங்களே சொல்லிக் குடுத்துட வேண்டியதுதான..."

"நான் பதில் சொல்ற டீச்சர் இல்லீங்க." சிரித்தாள். "கதவைச் சாத்துனா பேரு நிக்குமா, தொறந்தா நிக்குமா... நீங்களும் யோசிங்க."

அப்பா பெயரோடு இன்னும் எத்தனை கப்புகள் யார் யார் கையில் கழன்று விழுமோ... அவன் கதவைத் திறந்தான்.

பிள்ளைகள் கேள்விகளோடு மொய்த்தார்கள். எப்போ கப்பை அச்சுல வார்ப்பீங்க, எப்போ கைப்பிடி ஒட்டுவீங்க, எல்லாமே கழண்டுதா? யோசித்தபோது அவனுக்கே திக்கென்றது. கழன்று திரும்பி வந்தவை எல்லாம் சனிக்கிழமை வார்த்து, திங்கட்கிழமை கைப்பிடி ஒட்டியவை.

"ஞாயித்துக்கிழமை வேல இல்லீங்களா?" ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி கேட்டாள்.

"சர்ச்சுல பூசை நாளாச்சே. அப்பா காலத்துலேருந்தே லீவு."

"அப்ப திங்கக்கிழமை கப்பு காஞ்சிருக்கும், புதுக் கைப்பிடி ஈரமா இருக்கும். காயறப்ப அது மட்டும் சுருங்கிப் பிஞ்சிக்கும். ரெண்டும் ஒரே ஈரத்துல ஒட்டணும் சார்."

அடுத்த வாரம் சனிக்கிழமைக் கப்புகளில் பாதியை ஈரத்துணியால் மூடி வைத்தார்கள். சூளை திறந்த அன்று பிள்ளைகள் மறுபடி வந்து இழுத்துப் பார்த்தார்கள். மூடி வைத்தவற்றில் ஒரு கைப்பிடிகூட அசையவில்லை. ஞாயிறு லீவும் தப்பியது.

"தப்பு எங்களுதுதான்," என்று எல்லோர் முன்னும் சொன்னான் சகாயராஜ். சொல்லிவிட்டு நிமிர்ந்தே நின்றான்.

மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளை ஓடி ஓடி பஸ்ஸில் ஏற்றினார்கள். கடைசியாக ஏறப் போனவளை அவன் குரல் நிறுத்தியது.

"டீச்சர்... ஒரே ஈரத்துல இருந்தா ஒட்டிக்கும்னு பசங்க சொன்னாங்க." சொட்டச் சொட்ட நனைந்த தன் சட்டையைப் பார்த்தான், அவள் சேலையைப் பார்த்தான். "உங்கள எனக்குப் புடிச்சிருக்குது. வூட்டுக்குப் பெரியவங்கள அனுப்பட்டுங்களா? நீங்கதான் பதிலே சொல்ல மாட்டீங்களே..."

அதே இமை... அதே மழைத்துளி...

"இதுக்கு மட்டும் சொல்றேன்," என்றாள் அனிஷா. "அனுப்புங்க."