மேற்குச் சரிவு ஷிராஸ்

"மூணு வருஷம் பார்த்துப் பார்த்துச் செஞ்சதை மூணே நொடியில துப்பிட்டீங்களே!"

ஒயின் கம்பெனியின் சுவைக்கூடத்து வாசலில் சொட்டச் சொட்ட நின்றவனை வாயிலிருந்த ஒயினைத் துப்பி நிமிர்ந்த அவள் அப்போதுதான் பார்த்தாள். மேற்குச் சரிவில் ஷிராஸ் திராட்சை போடும் தோட்டக்காரன். காலையில் தன் திராட்சையில் செய்த ஒயினைச் சாம்பிள் பாட்டிலில் கொடுத்துவிட்டுக் கிளம்பியவன்... மழை திருப்பி அனுப்பியிருந்தது.

"எல்லாத்தையும் முழுங்கினா நான் வீடு போய்ச் சேர வேண்டாமா? சுவை பார்த்துத் துப்புறதுதான் சார் என் வேலை."

அவன் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவள் தாளில் எழுதியிருந்ததைப் படித்ததும் ஓடிப்போனது. ‘கனம் உண்டு. துவர்ப்பு மிகுதி. வாங்க வேண்டாம்.’

"பகல்ல சுடும், ராத்திரி நடுங்க வைக்கும், கீழே வெறும் சரளை. அங்க விளையுற ஷிராஸ் தோல் தடிச்சு, துவர்ப்பாத்தாங்க இருக்கும். லேசா வேணும்னா குழாயைத் திறந்து தண்ணி குடிங்க!"

அந்தக் கண்களில் இருந்தது மழையா, கோபமா... கொட்டும் மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

மாலையில் கோப்பைகளைக் கழுவும்போது அவனுடைய ஒயின் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஏனோ முகர்ந்தாள். மிளகு... கறுத்துக் கனிந்த பழம்... நாவில் அந்தத் துவர்ப்பு பட்டாகப் படிந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றி, காற்றாடக்கூட விடாமல் தீர்ப்பு எழுதியது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு நாள் தன்மானத்தோடு மல்லுக்கட்டினாள். எட்டு வருடத்தில் எழுதியதை ஒருமுறைகூடத் திருத்தியவள் இல்லை. மூன்றாம் நாள் மேலாளர் முன் நின்றாள். "தப்பு என் பேர்ல சார்." வாங்கிக் கட்டிக்கொண்டு, ‘வாங்கலாம்’ என்று திருத்தி எழுதிய புதுத் தாளோடு பஸ் ஏறினாள்.

சரிவில் ஆட்கள் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி தள்ளிவிட்ட திராட்சை இனி எதற்கு என்று அவனுடைய அண்ணன் முடிவெடுத்திருந்தார். முதல் வரிசை வேரோடு கிடந்தது.

"யாரும்மா நீ?" அண்ணன் திரும்பினார்.

"தப்பா எழுதினவ, அண்ணா. நிறுத்தச் சொல்லுங்க..."

அண்ணன் தாளைப் படித்தார். கையை உயர்த்தினார். மண்வெட்டிகள் நின்றன.

அவன் மேலிருந்து இறங்கி வந்தான். "அன்னைக்கே போன்ல சொல்லியிருந்தா இந்த வரிசையும் பிழைச்சிருக்குமே?"

அவள் கிடந்த கொடிகளைப் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாம்... ஆனா, உங்களை மறுபடி பார்த்திருக்க முடியாதே."

அவன் குனிந்து, கிடந்த கொடி ஒன்றின் வேர்மண்ணைத் தட்டினான்.

"அப்படின்னா, ஒரு வரிசை போனது போகட்டும்," என்றான்.