வாங்கி இருக்கிறது, கொடுத்தவர் யார்?

செவ்வாய், காலை 9.10. வாழைச்சேனையில் டொக்டர் நிஸ்மியாவின் அறை.

மேசையில் ஒரு மாத்திரை அட்டை வந்து விழுந்தது. பாதி காலி.

"இதுதான் டொக்டர்! இவன்ட பெண்சாதி இதைத்தான் தேத்தண்ணிக்குள்ள போட்டுக் குடுத்திருக்காள்," என்றாள் கிருசிகா.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை. அவளுடைய தம்பி நிலோஜன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் தலைகுனிந்து இருந்தான். கல்யாணமாகி ஒரு வருடம். மூன்று மாதமாக மார்பு பெண்ணுக்குப் போலப் பருத்து, உள்ளே ஒரு கட்டியும் வைத்துவிட்டது. அட்டையைக் கண்ட அன்றே கிருசிகா தீர்ப்பும் எழுதிவிட்டாள். ஊர் விடுமா? அதுவும் சேர்ந்து பாடியது. நிலோஜனின் மனைவி கம்சாயினி அழுதுகொண்டு வெல்லாவெளிக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை விவாகரத்துக்குச் சட்டத்தரணியைப் பார்ப்பதாக ஏற்பாடு.

நிஸ்மியா ஓட்டமாவடிக்காரி. கெட்டிக்காரி, பொறுமைதான் கொஞ்சம் மட்டு.

"முதல்ல நல்ல செய்தி. ஊசி போட்டு எடுத்த துண்டைப் பாத்தாச்சு. புற்றுநோய் இல்ல."

நிலோஜனுக்கு உயிர் வந்தது.

"ஆனா அந்தக் கலங்கள்ள ஓமோன் வாங்கி நிறைய இருக்கு. பெண் ஓமோன் வந்தாப் பிடிச்செடுக்கிற பொருளுக்கு எங்கட படிப்பில வாங்கி எண்டுதான் பேர். ஆம்பிளைக்கும் இருக்கும், சும்மா கிடக்கும். இப்ப வாங்கி ஆள் பிடிபட்டிட்டு. குடுத்தது யாரெண்டுதான் கேள்வி."

"அதைத்தானே நானும் சொல்றன்!"

"பொறுங்க கிருசிகா. கம்சாயினி போய் எவ்வளவு காலம்?"

"ஒரு மாசம்."

"கட்டி வளர்றது நிண்டிட்டா தம்பி?"

"இல்ல டொக்டர். போன கிழமையும் பெருத்தது."

"வெல்லாவெளியில இருந்து தேத்தண்ணி பஸ்ஸில வந்ததோ?"

கிருசிகா மாத்திரை அட்டையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நிஸ்மியா அவன் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். சாராயம் போல மணந்தது. "குடிப்பீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்ல! அது பண்ணை வாசம். வாவிக்கரையில திலாப்பியாக் குஞ்சுப் பண்ணை. நான்தான் குஞ்சுக்குத் தீன் பிசையிறன்." அவன் முகத்தில் முதல் தடவையாகப் பெருமை தெரிந்தது. "எங்கட குஞ்சு எல்லாம் ஆண் மீன், கெதியா வளரும். பெண் மீன் மருந்துக்கும் கிடைக்காது."

"மருந்துக்குமா?" நிஸ்மியா எழுந்து கார்ச் சாவியை எடுத்தாள். "வாங்க, போவம்."

காலை 10.40. பண்ணை.

முதலாளி வினாயகமூர்த்தி இளநீர் வெட்டச் சொன்னார்.

"இளநீர் மறுகா குடிப்பம். தீன் பிசையிற இடத்தைக் காட்டுங்க."

ஒரு பேசின் நிறைய மீன்தூள். பக்கத்தில் ஸ்பிரிட் கேன். ஒரு போத்தலில் வெள்ளைத் தூள். அதன் லேபல் கிழிக்கப்பட்டிருந்தது.

"இது என்ன?"

"விட்டமின்."

"கையுறை எங்க?"

"கையால பிசைஞ்சாத்தான் பதம் வருமெண்டு முதலாளி சொல்லுவார்," என்றான் நிலோஜன்.

நிஸ்மியா தூளில் கொஞ்சத்தை ஸ்பிரிட்டில் கரைத்துப் பேசினுக்குள் ஊற்றினாள். "விட்டமின்தானே? நீங்க ஒருக்காப் பிசைஞ்சு காட்டுங்க, பாப்பம்."

வினாயகமூர்த்தி சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது.

புதன்கிழமை காலை அதே அறை. நிலோஜனைச் சோதித்து முடித்ததும் நிஸ்மியா அக்காவையும் உள்ளே கூப்பிட்டாள். டொக்டரே போன் எடுத்து வரவழைத்ததால் கம்சாயினியும் வந்திருந்தாள்.

"குற்றவாளி வினாயகமூர்த்தி. குஞ்செல்லாம் ஆணாக வேணுமெண்டு தீனில போட்டது ஆண் ஓமோன். ஸ்பிரிட்டில கரைச்சதைக் கையால பிசைய, தோலுக்குள்ளால உள்ளுக்குப் போயிட்டு."

"ஆண் ஓமோன் எண்டா இவனுக்கு ஏன் மார்பு வளருது?" என்று கேட்டாள் கிருசிகா.

"அளவுக்கு மிஞ்சினா உடம்பு அதில ஒரு பங்கைப் பெண் ஓமோனா மாத்திப்போடும். அதைத்தான் வாங்கி பிடிச்சது. கையில ஸ்பிரிட் மணந்ததை ஒருத்தரும் யோசிக்கல்ல. அந்த மாத்திரை கம்சாயினி தான் குடிக்க வச்சிருந்தது. நீங்கெல்லாம் பெண் மருந்தைத் தேடி, வீட்டில இருந்த பெண்ணைப் பிடிச்சீங்க. இனி இவர் அதைத் தொடாட்டி மெல்ல மெல்லக் குறையும். குறையாட்டியும் சின்ன ஒப்பரேசன், அவ்வளவுதான். பண்ணையைப் பற்றி முறைப்பாடு குடுத்திட்டன்."

"கம்சா, நான் பாவி. மன்னிச்சிடு," என்று கிருசிகா விம்மினாள்.

கம்சாயினி அவளைப் பார்க்கவில்லை. கணவனைத்தான் பார்த்தாள். "நீங்களும் நம்பினீங்களா?"

"நம்பல்ல." நிலோஜனின் கண் நிறைந்தது. "ஆனா உனக்காக வாயைத் திறக்கவும் இல்ல. பிழை என்னிலதான்."

கதிரையில் கிடந்த சட்டையை எடுத்து அவள் நீட்டினாள்.

"போடுங்க. வெல்லாவெளிக்கு வந்து, அம்மாட முன்னுக்கு இந்த வாயைத் திறவுங்க. மறுகா நாம வீட்ட போவம்."