சராசரிப் பனி

வானடுப்பு பூச்சியம் பாகையிலேயே நின்றது. ஏரிக்கரை நகரத்தின் கூரைகளில் பனி ஈரச் சிமெந்துபோல அப்பிக்கொண்டிருந்தது.

காற்றைச் சூடாக்கும் வானடுப்புக் கோபுரங்கள் வந்ததிலிருந்து, குளிர் எவ்வளவு என்பதைக் குடிமக்களே தீர்மானித்தார்கள். ஒவ்வொருவரும் பிடித்த பாகையைக் கைபேசியில் போடுவார்கள். எந்திரம் சராசரி எடுத்துக்கொள்ளும். யாரும் தோற்காத தேர்தல் என்று நகரமே மார்தட்டியது.

வானிலை அலுவலர் நிரஞ்சலாவுக்கு அந்தப் பெருமையைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. பாதிப் பேர் மைனஸ் பத்து கேட்டார்கள், மீதிப் பேர் பத்து. மைனஸ் பத்தில் பனி உலர்ந்த மாவாகப் பறந்துவிடும். பத்தில் மழையாக வழிந்தோடும். நடுவில் நின்றால்தான் வினை. உறையாத ஏரியின் ஈரத்தையெல்லாம் பனி குடித்து, பாதி உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பல மடங்கு கனத்தோடு இறங்கும்.

அவள் கணவன் கஜேந்திரன் முதியோர் மருத்துவமனையின் மேல்மாடியில் தாதி. அங்கிருந்து அழைத்தான்.

“கூரை நெரியுதப்பா. லிஃப்டும் நிண்டிட்டுது.”

“நீங்களாவது கீழை இறங்குங்கோவன்!”

“படுக்கையிலை கிடக்கிற சனத்தை விட்டிட்டோ?”

அவள் நகர ஒலிபரப்பைத் திறந்தாள். “சூடோ குளிரோ, எல்லாரும் ஒரு பக்கம் போங்கோ. உங்கடை பிடிவாதத்தை விடுங்கோ!”

எந்தப் பக்கம் என்பது வாய்வரை வந்தது. வானிலை அலுவலர் எந்தப் பாகைக்கும் பரிந்து பேசக் கூடாது என்பது நகரச் சட்டம். விழுங்கிக்கொண்டாள்.

நல்ல சனங்கள், உடனே கேட்டார்கள். திரையில் லட்சக்கணக்கான வாக்குகள் மாறின. நிம்மதியில் அழுதேவிட்டாள். ஆனால் வானடுப்பின் முள் அசையவில்லை. குளிர் கேட்டவர்கள் விட்டுக்கொடுத்துச் சூட்டுக்குப் போயிருந்தார்கள். சூடு கேட்டவர்கள் குளிருக்கு.

கைபேசி மறுபடி அலறியது.

“உமக்குக் குளிர்தானே விருப்பம் எண்டு நானும் அதுக்கே போட்டிட்டன்.” கஜேந்திரனின் பின்னால் ஏதோ பிளந்தது. “நீர்?”

“ஐயோ, உங்களுக்காக நான் சூட்டுக்கு மாத்திட்டனப்பா!”

“சரி, பொறும். நானே திருப்பி மாத்திறன்.”

அவள் விரல் அதற்குள் மைனஸ் பத்தை அழுத்திவிட்டது. திரையில் நகரம் முழுவதும் அவசரமாக மாறிக்கொண்டிருந்தது. முள் பூச்சியத்தில் நின்றது.

“மாத்தாதேங்கோ, அப்பிடியே விடுங்கோ!” என்று கத்தினாள்.

மறுமுனையில் கூரை இடிந்து விழும் ஓசையோடு இணைப்பு அறுந்தது.