இன்னொரு கை

வெளியே உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஸ்கேன் அறைக்குள் மட்டும் எந்நேரமும் இருட்டு. திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவைத்திருந்தார்கள். அந்தப் பழைய கட்டடத்தில் டாக்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. உள்ளே நுழைந்ததும் ஏதோ ஒரு நெடி மூக்கில் ஏறியது. புளித்த பாலின் நெடி.

"ஏசி தண்ணி ஒழுகுது டாக்டரம்மா, அதான்" என்றாள் ஆயா, யாரும் கேட்காமலேயே. அதைச் சொல்லும்போதும் அவள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

முதலில் வந்தவள் ஐந்தாம் மாதக் கர்ப்பிணி. இதற்குமுன் இரண்டு முறை கலைந்திருந்தது. கூடவே வந்த கணவன் பதற்றத்தை மறைக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"மூக்கு மட்டும் என்னை மாதிரி இருக்கக் கூடாதுன்னு வீட்டுல ஒரே வேண்டுதல் டாக்டர்."

"சும்மா இருங்களேன். அவங்க பாக்கட்டும்" என்று படுத்தபடியே அதட்டினாள் மனைவி.

தலை, முதுகுத்தண்டு, கை, கால் எல்லாம் சரியாக இருந்தன. இதயத்தின் நான்கு அறைகளும் தெரிந்தன. அதிலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் மட்டும் தெரியவில்லை. குழந்தை குப்புறக் கிடந்து அடம்பிடித்தது. கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்ப்பதுதான் முறை. ஆனால் வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுப்பதும் நாற்காலிகள் இழுபடுவதும் கேட்டுக்கொண்டே இருந்தன. நான்கு அறைகளும் நன்றாக இருக்கும்போது குழாய் மட்டும் கெட்டா போயிருக்கும் என்று டாக்டர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வயிற்றிலிருந்து கருவியை எடுக்கப் போனாள்.

"டாக்டர், அந்தக் கையைக் கொஞ்சம் எடுங்களேன். ஐஸ் மாதிரி இருக்கு."

"எந்தக் கை?"

"இடுப்புப் பக்கமா வச்சிருக்கீங்களே, அது."

டாக்டரின் வலது கை கருவியைப் பிடித்திருந்தது. இடது கை ஸ்கேன் இயந்திரத்தின் பொத்தான்களின் மேல் இருந்தது. கணவனோ கால்மாட்டில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

டாக்டர் மெல்லக் குனிந்து பார்த்தாள்.

ஜெல் மினுங்கும் வயிற்றில் ஐந்து குழிகள் விழுந்திருந்தன.

விரல் விரலாக.

அவை நகர்ந்தன. அவசரமில்லாமல், பக்கவாட்டில் அழுத்தித் தள்ளின. திரையில் குழந்தை புரண்டது. டாக்டரின் மணிக்கட்டில் சில்லென்று ஏதோ பட்டது. அவள் கை அசையாமலேயே கருவி கொஞ்சம் சறுக்கி, ஓரிடத்தில் நின்றது.

திரையில் இதயம் முழுசாக வந்தது.

ஒன்றையொன்று குறுக்கே தாண்ட வேண்டிய இரண்டு குழாய்களும் தண்டவாளம் போல இணையாக ஓடின.

"என்ன டாக்டர், பேச மாட்டேங்கறீங்க?" என்று கிசுகிசுத்தாள் அவள்.

விளக்கைப் போட்டபோது குழிகள் இல்லை. டாக்டர் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குழந்தைக்கு இதயத்துல ஒரு குறை தெரியுதும்மா. ரெண்டு பெரிய ரத்தக்குழாயும் இடம் மாறியிருக்கு. இதய டாக்டர் ஒருத்தரும் பார்த்து உறுதி பண்ணணும். வயித்துல இருக்கற வரைக்கும் பிரச்சினை இல்ல. பிறந்ததும் உடம்புல ஆக்சிஜன் குறைஞ்சு போகும். அதனால குழந்தைங்க இதய ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரியிலதான் பிரசவம் நடக்கணும்."

கணவன் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டான். அவள்தான் கேட்டாள்.

"பொழைக்குமா?"

"முன்னாடியே தெரிஞ்சு தயாரா இருந்தா, பெரும்பாலும் பொழைச்சுக்கும். தெரியாம இருந்திருந்தாதான்..." டாக்டர் இதய டாக்டருக்கான கடிதத்தை எழுதத் தொடங்கினாள்.

அவர்கள் போனதும் டாக்டர் ஆயாவைப் பிடித்துக்கொண்டாள். ஆயா வாசற்படியில் நின்றே குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருஷம் ஒரு பொண்ணுக்கு எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பிறந்த குழந்தை நீலம் பாரிச்சுச் செத்துப் போச்சு. இதயக் குழாய் மாறியிருந்துச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அவ, குழந்தை இல்லாத வயித்தோட தினம் வந்து இதே கட்டில்ல படுத்துக்குவா. எழுப்பினா எழுந்திருக்க மாட்டா. ஒரு நாள் எழுந்திருக்கவே இல்ல."

அன்றிலிருந்து டாக்டர் எந்தக் குழந்தையையும் அரைகுறையாகப் பார்த்து அனுப்பியதில்லை. வரிசை வாசல்வரை நீண்டாலும் சரி. இருந்தாலும் அறைக்குள் இருக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ எட்டிப் பார்ப்பது போலவே இருந்தது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் அந்த உணர்வு விடவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு பிற்பகலில் அந்தக் கணவன் போனில் கூப்பிட்டான்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வார்டுக்கு வந்துட்டோம் டாக்டர். குழந்தை அழற சத்தம் கேக்குதா? வார்டே அலறுது!"

டாக்டர் சிரித்தாள். கண்ணில் நீர் முட்டியது. போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. கருவி அதன் தாங்கியில்தான் இருந்தது.

கட்டில் விரிப்பு ஓர் ஆள் நீளத்துக்கு மெல்ல அமுங்கியது.

திரை தானாக வெளிச்சமானது. சின்னஞ்சிறு இதயம் ஒன்று தெரிந்தது. அதன் இரண்டு குழாய்களும் இணையாக இருந்தன.

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

அது துடிக்கவில்லை.