பேர் சொல்லிக் கூப்பிட்டால்

“பட்டியல்லயே இல்லாத சாதிக்கு எப்படிம்மா ஊசி அனுப்புறது?”

தாலுகா அலுவலக எழுத்தர் இப்படிக் கேட்டபோது அவர் மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்று மாதிக்கு ஆத்திரம் வந்தது. கவைமலை அடிவாரம்வரை விஷக்காய்ச்சல் வந்துவிட்டது. மலைக்குடிகளுக்குத்தான் முதல் தடுப்பூசி என்று ஆணை. ஆனால் கவையர் என்றொரு குடி இருப்பதாக எந்தப் பதிவேட்டிலும் இல்லையாம்! அப்படியானால் எதிரே நிற்கிற மாதி யார்?

“பழைய ஆதாரம் ஏதாச்சும் கொண்டு வா. அனுப்பி வைக்கிறேன்” என்றார் அவர், கொஞ்சம் இரக்கத்தோடு.

ஆதாரம் ஒன்று இருப்பதாகப் பேச்சு உண்டு. நூறு வருடத்துக்கு முன் இதே மாதிரிக் காய்ச்சல் வந்தபோது, வனத்துறை ரேஞ்சர் ஒருவர் கவையரின் பழைய குடியிருப்பில் எழுத்து வெட்டிய கல் ஒன்றை நட்டாராம். அருவிப் பள்ளத்தைத் தாண்டி, யானைக்காட்டுக்குள். அதைத் தேடிப் போக யாருக்கும் தோன்றியதில்லை. கவையரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் மாதிதான்.

மறுநாள் காலை மூன்று பேர் முகக்கவசம் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். மாதி, அவளுடைய தாய்மாமன் செங்கான், கிராமச் செவிலியர் எஸ்தர். செங்கான் பாறையில் தொங்கித் தேன் எடுக்கிறவன், வாய் ஓயாதவன். எஸ்தர் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

“நர்ஸம்மா, கல்லுக்கு ஊசி போடவா வர்றீங்க?” என்று சீண்டினான் செங்கான்.

“ஃபோட்டோ எடுக்கணும்ல? உங்க போன்ல பாட்டு மட்டும்தானே வரும்!”

செங்கான் சிரித்துக்கொண்டே புதரை வெட்டி முன்னேறினான். மாதி எஸ்தரின் பக்கம் வந்தாள். “சிஸ்டர், மேல்பாடிக்குப் போனீங்களா? எங்கக்கா வெள்ளாச்சி அங்கதான் இருக்கா. மனசே சரியில்லை.”

“பத்து நாளைக்கு முன்னாடி மாத்திரை எடுத்துட்டுப் போனேன் மாதி. ஊரே காலி. எல்லாரும் தேனுக்குப் போயிட்டாங்க போல.”

மாதி நிம்மதியாக மூச்சு விட்டாள். ஐந்து வயதிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்தவளுக்கு அது தேன் காலமில்லை என்று தெரியவில்லை. முன்னே போன செங்கானுக்கோ பேச்சே காதில் விழவில்லை. விழுந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் அந்த மூன்று பேரும் நினைக்கிறார்கள்.

அருவிப் பள்ளம் வந்தது. அறுபதடி ஆழம்! செங்கான் காட்டுக்கொடியை மரத்தில் இறுக்கிக் கட்டி, ஆளுக்கொரு கயிற்றை இடுப்பில் சுற்றிவிட்டான். “கீழே பாக்காதீங்க. காலைப் பாறையில ஊணுங்க!” எஸ்தர் பாதி இறங்கும்போது கால் வழுக்கியது. “ஐயோ!” என்று அவள் அலற, செங்கான் பாய்ந்து அவள் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அக்கரையில் யானைகள் நின்றன. மூவரும் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்று, அவை போன பிறகு ஓடினார்கள்.

உச்சி வெயிலில் மாதிதான் கண்டாள். வேர்களுக்கு நடுவே ஒரு கல்! பாசியைச் சுரண்டச் சுரண்ட எழுத்து தெரிந்தது.

“கிடைச்சிருச்சு மாமா!” என்று குதித்தாள். உரக்கப் படித்தாள்: “கவையர் குடிசை பதினொன்று. வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்தும் பதில் இல்லை. இக்குடி காய்ச்சலில் முற்றும் அழிந்தது.”

அவள் குரல் இறங்கிவிட்டது. செங்கான் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“கூறு கெட்ட ரேஞ்சரு! எங்க ஆளுக எல்லாம் உள்ளதான் இருந்திருப்பாங்க. காய்ச்சக் காலத்துல யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் நாங்க வாயே திறக்க மாட்டோம்ல? காய்ச்சல்தான் பேரு சொல்லிக் கூப்பிடும். வர்ற மனுசன் தன் பேரைச் சொல்லணும். காய்ச்சலு தன் பேரைச் சொல்லாது.”

எஸ்தர் பையிலிருந்து தன் நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

“நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன்” என்றாள். “ஒவ்வொரு வாசல்லயும். மாத்திரை குடுக்கிற லிஸ்ட்டைப் பாத்து. வெள்ளாச்சின்னும் கூப்பிட்டேன். ஆளில்லைன்னு நோட்டுல எழுதிட்டு மாத்திரையைத் திருப்பிக் கொண்டு வந்துட்டேன்.”

செங்கானின் சிரிப்பு நின்றது. எஸ்தர் கல்லைப் படம் எடுத்தாள். அதற்குள் மாதி ஓடத் தொடங்கியிருந்தாள்.

பள்ளத்தில் எப்படி இறங்கினார்கள், எப்படி ஏறினார்கள் என்று கேட்டால் மூவருக்கும் சொல்லத் தெரியாது. பொழுது சாயும்முன் மேல்பாடி வந்தது. பத்துக் குடிசை, பத்தும் சாத்திக் கிடந்தன.

மாதி நடுவில் நின்று கத்தினாள். “நான் மாதி! மாதி வந்திருக்கேன்!”

ஒரு கதவு திறந்தது. பிறகு ஒன்று, பிறகு ஒன்று. இருமிக்கொண்டும் சுவரைப் பிடித்துக்கொண்டும் ஆட்கள் வெளியே வந்தார்கள். எஸ்தர் பையைத் திறந்து மாத்திரைகளை எடுத்தாள். கடைசிக் குடிசையிலிருந்து அக்காவின் கணவன் மல்லன் தனியாக வந்தான்.

“போயிட்டா, மாதி. மூணு நாளாச்சு.”

எஸ்தரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “நான் கூப்பிட்டப்ப…?”

“உசிரோடதான் இருந்தா. காய்ச்சல் வந்து ரெண்டு நாள்தான். நான் பதில் சொல்லப் பாத்தேன். அவதான் என் வாயைப் பொத்துனா.”

மாதி அக்காவின் வாசலில் விழுந்து அழுதாள். ஒரு கல்லைத் தேடி ஒரு பகலெல்லாம் நடந்தவள், போன வாரமே இரண்டு மணி நேரம் நடந்து இதே வாசலுக்கு வந்திருக்கலாம்.

மறுநாள் எழுத்தர் படத்தைப் பார்த்துத் திகைத்தார். “எல்லாரும் செத்துட்டதாத்தானே இதுல இருக்கு?”

“பதில் சொல்லாததால அப்படி எழுதிட்டாங்க சார். நான் மாதி. கவையர் குடி. இப்பச் சொல்றேன், எழுதிக்குங்க.”

அவர் படத்திலிருந்த ‘கவையர்’ என்ற பெயரைக் குறித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். மூன்றாம் நாள் ஊசிப் பெட்டி மலையேறியது. ஜெயித்தார்கள்தான்; ஊருக்குள் யாரும் கைதட்டவில்லை.

எஸ்தர் நோட்டில் ‘ஆளில்லை’ என்று எழுதிய பத்து வரியையும் அடித்திருந்தாள். பட்டியலைப் பைக்குள் வைத்துவிட்டு வாசல் வாசலாகப் போனாள். மல்லனின் வாசலுக்கு மட்டும் போகக் கால் வரவில்லை. கடைசியில் போய் நின்றாள்.

“நான் எஸ்தர். எஸ்தர் வந்திருக்கேன்.”

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மல்லன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தோளைக் காட்டினான்.